மலைக்குளிரில் கேரவன் வண்டியின் தண்ணீர்க் குழாய்கள்: நெல்லைச் சீமையிலிருந்து கிளம்புவோர் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையிலோ வள்ளியூரிலோ மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். குழாயில் தண்ணீர் உறையும் என்ற நினைப்பே இங்கே யாருக்கும் வராது. அதனால் டிராவலர் வண்டியைக் கேரவனாக மாற்றும்போது, வீட்டுக்குக் குழாய் பதிப்பதுபோலவே பதித்துவிடுகிறார்கள். தண்ணீர் வருவதற்கு வழி இருக்கும், ஒரு சொட்டு விடாமல் வெளியேறுவதற்கு வழி இருக்காது. அதே வண்டி நான்கு வழிச் சாலையில் வடக்கே போய் ஸ்ரீநகரிலோ மணாலியிலோ ஓர் இரவு நின்றால், காலையில் பம்ப் உடைந்திருக்கும். அதைத் தடுக்கும் வழிகள் இங்கே.

தண்ணீர் உறைந்தால் குழாய் ஏன் வெடிக்கிறது?

உறையும்போது தண்ணீரின் பருமன் ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் 1,090 மில்லி இடம் கேட்கும். ஆனால் ஐஸ் நேரடியாகக் குழாயைப் பிளப்பதைவிட வேறொன்றுதான் அதிகம் நடக்கிறது. குழாயின் நடுவே ஓரிடத்தில் ஐஸ் அடைப்பு உண்டாகிறது. அது வளர வளர, அதற்கும் மூடிய டேப்புக்கும் இடையே மாட்டிக்கொண்ட தண்ணீர் நெருக்கப்பட்டு அழுத்தம் ஏறுகிறது. வெடிப்பது ஐஸ் இருக்கும் இடத்தில் அல்ல, அந்த நீளத்தில் எது பலவீனமோ அங்கே. அதனால்தான் உறைந்தது வண்டிக்கு அடியில், உடைந்தது பாத்ரூமில் என்று ஆகிறது.

வண்டியில் முதலில் போவது பெரும்பாலும் குழாய் அல்ல. பம்பின் தலைப்பகுதி, அதன் முன்னால் இருக்கும் வடிகட்டிக் கிண்ணம், டேப்புகளின் உள்பாகம், ஹெல்த் ஃபாசெட் (கழிவறையில் கையில் பிடித்து அழுத்தும் தெளிப்பான்) இவைதான். ஹெல்த் ஃபாசெட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மெல்லிய பிளாஸ்டிக் உடல், உள்ளே எப்போதும் அழுத்தத்தில் நிற்கும் தண்ணீர், அதுவும் பெரும்பாலும் வெளிச்சுவரை ஒட்டி. ஒரே இரவில் கீறிவிடும்.

எங்கிருந்து கவலைப்பட வேண்டும்?

நாக்பூர் வரை வேலை இல்லை. டெல்லி, பஞ்சாப் சமவெளியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் 5 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். அங்கே பார்த்துக்கொண்டால் போதும். மலை ஏறத் தொடங்கியதும் கணக்கு மாறும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணாலி 2,000 மீட்டருக்கு மேல், லே 3,500 மீட்டர். காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரையிலான 40 நாளைச் ‘சில்லை கலான்’ என்பார்கள். அந்த நாள்களில் ஸ்ரீநகர் வீடுகளிலேயே குழாய் உறைவது வழக்கம். மணாலி–லே சாலை பனிக்காலத்தில் மூடியிருக்கும், ஆனால் சாலை திறந்திருக்கும் செப்டம்பர், அக்டோபரிலேயே சர்ச்சு போன்ற உயரங்களில் இரவு பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். கோடையில்தானே போகிறோம் என்று இருந்துவிடாதீர்கள்.

கணிப்பு 2 டிகிரி என்றால் தப்பித்தோம் என்றும் எண்ண வேண்டாம். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் வண்டியின் தகடு வானத்தைப் பார்த்து வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கீழே போகும். ஊட்டி தலைக்குந்தாவில் விடியற்காலையில் காரின் மேற்கூரை மட்டும் வெள்ளை பூத்து நிற்பது இதனால்தான். ஆகவே இரவுக் குறைந்தபட்சம் 3 டிகிரி என்றால் வெளிப்புறக் குழாய், ஹோஸ் எல்லாவற்றையும் வடித்துவிடுங்கள். மைனஸ் 4, 5 என்றால் வண்டி முழுக்க வடிப்பதுதான் எங்கள் யோசனை. ஊட்டிக்கு மட்டும் போகிறவர்களுக்கு வெளிப்புறக் குழாய், ஹோஸ் வடிப்பது மட்டும் போதும்.

எங்கள் வண்டியில் சிபிவிசி குழாய். பெக்ஸ் எனும் வளையும் பிளாஸ்டிக் குழாயாக மாற்ற வேண்டுமா?

ஒருமுறைதான் போகிறீர்கள் என்றால் மாற்ற வேண்டாம், ஒழுங்காக வடித்தால் போதும். புதிதாகக் கட்டுகிறீர்கள் என்றால் பெக்ஸ் போடுங்கள். சிபிவிசி குளிரில் கண்ணாடிபோல நொறுங்கும் தன்மைக்கு வரும். பசை போட்ட எல்போக்கள் வண்டி குலுங்கலிலேயே பாதி உயிர் போயிருக்கும். பெக்ஸ் சற்று விரிந்து கொடுக்கும், பல சமயம் உறைந்து இளகினாலும் பிழைத்துவிடும். ஆனால் பெக்ஸ் போட்டால் உறையாது என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். குழாய் பிழைக்கும், அதன் இரு முனையிலும் உள்ள பித்தளையும் பிளாஸ்டிக்கும் பிழைக்காது.

ஊரிலிருந்து கிளம்புமுன் பிளம்பர் அண்ணாச்சியிடம் என்னென்ன வேலை சொல்ல வேண்டும்?

மலையில் செய்ய முடியாத வேலை இது. ஊரிலேயே முடித்துவிடுங்கள்.

சுடுதண்ணீர் லைனுக்கு ஒன்று, பச்சைத் தண்ணீர் லைனுக்கு ஒன்று என, குழாய்கள் தரையோடு மிகத் தாழ்ந்து ஓடும் இடத்தில் இரண்டு அரை இஞ்ச் பித்தளை பால் வால்வு (உள்ளே துளையுள்ள உருண்டை திரும்பும் வால்வு) வைத்து, அவற்றின் வாயைத் தரைக்கு வெளியே இறக்க வேண்டும். டேங்கின் அடியில் முக்கால் இஞ்ச் வடிகால் வால்வு தனியாக வேண்டும். டேங்கின் பக்கவாட்டில் வைத்தால் அடியில் ஐந்தாறு லிட்டர் எப்போதும் நிற்கும். அதனால் அடியிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

கீசருக்குள் போகாமல் தண்ணீரைச் சுற்றி அனுப்ப, மூன்று வால்வு வைத்த பைபாஸ் வேண்டும். இதன் பயன் பின்னால் வரும்.

குழாய் வடிகாலை நோக்கி மீட்டருக்கு 1 சென்டிமீட்டராவது சரிய வேண்டும். 40, 50 சென்டிமீட்டருக்கு ஒரு கிளாம்ப் இல்லாவிட்டால் குழாய் நடுவில் தொய்யும், தொய்ந்த வயிற்றில் தண்ணீர் தங்கும். பைப்புக்கு மேலே ப்ளைவுட் அடித்து மூடிவிட்டால் அந்தத் தொய்வு கண்ணுக்கே தெரியாது. மூடுமுன் நீங்களே ஒருமுறை ஸ்பிரிட் லெவல் வைத்துப் பாருங்கள்.

வெளியிலிருந்து தண்ணீர் ஏற்றும் வாயில், தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடும் நான் ரிட்டர்ன் வால்வு இருக்கும். அதற்குப் பின்னால் உள்ள தண்ணீர் தானாக வராது. அதன் நடுக்கம்பியை உள்ளே அழுத்தி வடிக்க இடம் விடச் சொல்லுங்கள்.

தண்ணீரை முழுக்க வடிப்பது எப்படி? வால்வைத் திறந்துவிட்டால் போதாதா?

போதாது. திறந்துவிட்டால் பத்தில் எட்டு பங்கு போகும். மிச்சமிருக்கும் இரண்டு பங்குதான் உடைக்கும்.

முதலில் கீசரின் மின்சாரத்தை நிறுத்தி ஃபியூஸையே பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். காலியான கீசரில் தவறி சுவிட்சைப் போட்டால் காயில் நிமிடக் கணக்கில் எரிந்துவிடும். தண்ணீர் ஆறியபின் கீசரின் வடிகால் மூடியைக் கழற்றி, மேலே உள்ள பாதுகாப்பு வால்வைத் தூக்கிவிடுங்கள். காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் வெளியே வரும்.

வண்டியின் எந்த மூலையில் வடிகால் இருக்கிறதோ அதற்கு எதிர் மூலைச் சக்கரத்தைப் பலகையில் ஏற்றி நிறுத்துங்கள். டேங்க் வடிகால், இரண்டு லைன் வடிகால் மூன்றையும் திறங்கள். பிறகு எல்லா டேப்பையும் திறங்கள். ஒரே கைப்பிடி வைத்த மிக்ஸர் டேப்பை நடுவில் வைக்க வேண்டும். ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தால் சுடுதண்ணீரோ பச்சைத் தண்ணீரோ ஒரு பக்கம் அப்படியே நிற்கும். ஷவர் ஹோஸைக் கொக்கியிலிருந்து எடுத்துத் தரையில் போடுங்கள். ஹெல்த் ஃபாசெட்டை அழுத்தி வடித்து, கழற்றி, துணியில் சுற்றி உள்ளே வைப்பதே நல்லது. கழற்ற இரண்டு நிமிடம்கூட ஆகாது.

அடுத்து பம்ப். வடிகட்டிக் கிண்ணத்தைத் திருகிக் கழற்றிக் கொட்டுங்கள். பம்பிலிருந்து வெளியே போகும் ஹோஸைக் கழற்றி, வாயருகே ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு பம்பை ஓடவிடுங்கள். முதலில் தண்ணீர் வரும். பிறகு துப்பித் துப்பி நுரையாக வரும். அதன் பின் பம்பின் சத்தம் கனத்த உறுமலிலிருந்து லேசான கடகடப்பாக மாறும், துணியில் ஈரம் தெறிப்பது நின்று வெறும் காற்று மட்டும் படும். அந்த இடத்திலிருந்து இன்னும் 20, 30 விநாடி ஓட்டி நிறுத்துங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

கடைசியாக, பலரும் தவறவிடும் ஒன்று. பால் வால்வை மூடினால் உள்ளிருக்கும் உருண்டையின் துளையில் தேக்கரண்டி அளவு தண்ணீர் சிறைப்படும். அது உறைந்தால் வால்வின் உடலே கீறும். எனவே வடித்து முடித்தபின் எல்லா பால் வால்வையும் முழுக்கத் திறக்காமல், மூடாமல், கைப்பிடியைப் பாதியில் சாய்த்து விட்டுவிடுங்கள்.

குடிநீர் ஃபில்டர் இருந்தால் அதன் குப்பிகளையும் ஆர்ஓ மெம்பரேனையும் கழற்றி உறையாத இடத்தில் வையுங்கள். ஒருமுறை உறைந்த மெம்பரேன் மேலுக்கு நன்றாகத் தெரிந்தாலும் வடிகட்டாது.

பஞ்சர் கடையில் காற்றடித்து மீதத் தண்ணீரை ஊதித் தள்ளலாமா?

தள்ளலாம், வடித்ததற்கு அப்புறம் செய்ய வேண்டிய நல்ல வேலைதான். ஆனால் பஞ்சர் கடை கம்ப்ரஸரில் 100 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். அதை அப்படியே விட்டால் பனிக்கு வேலையே இல்லை, நீங்களே உடைத்துவிடுவீர்கள். நடுவில் ரெகுலேட்டர் வைத்து 30, மிஞ்சினால் 40 பிஎஸ்ஐக்குள் கட்டுப்படுத்துங்கள். தண்ணீர் ஏற்றும் வாயில் டயர் வால்வு பொருத்திய ஒரு அடாப்டரை முன்கூட்டியே செய்துகொள்ளலாம். எல்லா டேப்பையும் மூடி, ஒவ்வொன்றாகத் திறந்து, நீர்த்தூறல் நின்று வெறும் காற்று வரும்வரை ஊதுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் பத்து நிமிடம் விட்டு இன்னொரு சுற்று. சிகரெட் லைட்டர் துளையில் மாட்டும் சின்ன டயர் பம்ப் இதற்கு உதவாது. அதில் அழுத்தம் உண்டு, காற்றின் அளவு இல்லை.

காருக்கு ஊற்றும் கூலன்ட்டைக் குழாயில் ஊற்றினால் உறையாது அல்லவா?

உறையாது. ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். விஷம். சிறிதளவே சிறுநீரகத்தை அழித்துவிடும். குடிக்கும், வாய் கொப்பளிக்கும் தண்ணீர் போகும் குழாயில் அதை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.

இதற்கென்று உள்ளது புரொப்பிலீன் கிளைக்கால். கேரவன்களுக்காக இளஞ்சிவப்பு நிறத்தில் விற்பதும் அதுதான். தனியாக வாங்குவதானால் மருந்துத் தரம் என்று எழுதி, ஆய்வுச் சான்றோடு, சீல் உடையாத கேனாகப் பாருங்கள். மலிவான தொழிற்சாலைத் தரத்தில் வேறு கிளைக்கால்கள் கலந்திருக்கக்கூடும். இருமல் மருந்துகளில் நேர்ந்த சாவுகளின் மூலமும் இப்படிப்பட்ட கலப்புதான். சம அளவு தண்ணீர் சேர்த்தால் மைனஸ் 33 டிகிரி வரை உறையாது. 30 சதவீதம் மட்டும் என்றால் மைனஸ் 13 வரைதான்.

எவ்வளவு வேண்டும்? அரை இஞ்ச் பெக்ஸில் மீட்டருக்கு 110 மில்லியளவுதான் கொள்ளும். 15 மீட்டர் குழாய்க்கு இரண்டு லிட்டர்கூட ஆகாது. பம்ப், டேப்புகள், கழிவுக் குழாயின் வளைவுகள் எல்லாம் சேர்த்து 8 லிட்டர் கலவை தாராளம். இங்கேதான் கீசர் பைபாஸ் கைகொடுக்கிறது. அது இல்லாவிட்டால் 10 லிட்டர் கீசரை நிரப்பவே 10 லிட்டர் கலவை போய்விடும்.

பம்பின் உறிஞ்சு ஹோஸைக் கேனுக்குள் விட்டு, டேப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து கலவை வரும்வரை ஓட்டுங்கள். தனியாக வாங்கிய கிளைக்காலுக்கு நிறம் இருக்காது. ஒரு சிட்டிகை கேசரி பவுடர் கலந்துகொண்டால் எந்த டேப்பில் வந்துவிட்டது, எதில் இன்னும் பழைய தண்ணீர் என்று பார்த்ததும் தெரியும். நிறம் வெளிறி வந்தால் கலவை நீர்த்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஓட்டுங்கள். சிங்க், பாத்ரூம் வடிகால் வளைவு ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் ஊற்றுங்கள்.

உப்புப் போட்டால் உறையாதாமே?

உப்பளங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் இதைக் கேட்பது இயல்பு. உப்பு உறைநிலையைக் குறைக்கும், ஆனால் அளவைப் பாருங்கள். 100 லிட்டரில் ஒரு கிலோ போட்டால் குறைவது அரை டிகிரியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. கடல் தண்ணீரே மைனஸ் 2 டிகிரியில் உறைந்துவிடும். 40 லிட்டர் கழிவுநீரை மைனஸ் 10 வரை காக்க 6 கிலோவுக்கு மேல் கரைக்க வேண்டும். பிளாஸ்டிக் டேங்க் தாங்கும். வால்வு, கிளாம்ப், அடிச்சட்டம் தாங்காது. நல்ல தண்ணீர் டேங்கில் வேண்டவே வேண்டாம்.

குழாய்க்கு ஏசி மெக்கானிக் போடும் கறுப்பு ஸ்பாஞ்ச் உறை போட்டிருக்கிறோம். போதுமா?

உவரியிலிருந்து மீன் வரும் தெர்மாகோல் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அது குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் ஐஸ் கரைவதைத் தாமதப்படுத்துகிறது. குழாயின் மேலே போடும் உறையும் அப்படித்தான், சூட்டை உண்டாக்காது. அரை இஞ்ச் குழாயில் இருப்பதோ மிகக் கொஞ்சத் தண்ணீர். மைனஸ் 10 டிகிரியில் 13 மில்லிமீட்டர் உறைக்குள்ளேயே அது ஒரு மணி நேரத்துக்குள் பூஜ்ஜியத்தைத் தொட்டுவிடும். முழுக்கக் கட்டியாக இன்னும் நாலைந்து மணி நேரம். பகலில் ஓட்டும்போது காக்கும், இரவைக் கடத்தாது.

இரவைக் கடத்த வேண்டுமானால் உறைக்குள் 12 வோல்ட் வெப்பக் கேபிள் வேண்டும். மீட்டருக்கு 10 வாட் என்று வைத்தால் 6 மீட்டருக்கு 60 வாட், அதாவது 5 ஆம்பியர். பத்து மணி நேரத்துக்கு 50 ஆம்பியர்-மணி. பேட்டரியில் அந்த அளவு மிச்சம் இருக்குமா என்று முதலில் கணக்குப் போடுங்கள். ஈயப் பேட்டரி குளிரில் முழு அளவு தராது. லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் நிரந்தரமாகக் கெடும்.

வண்டிக்குள் ஹீட்டர் ஓடினால் குழாயும் காக்கப்படும்தானே?

குழாய் எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. நீங்கள் படுத்திருக்கும் இடத்தில் 18 டிகிரி இருக்கும். சிங்குக்குக் கீழே மூடிய கதவுக்குள், வெளித்தகட்டை ஒட்டிய மூலையில் மைனஸ் இருக்கும். இரவில் அந்தக் கதவுகளைத் திறந்தே வையுங்கள். பம்ப் இருக்கும் பெட்டிக்குள் ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டரின் கம்பியை விட்டுவையுங்கள். அது காட்டும் எண்தான் உண்மை.

2 கிலோவாட் டீசல் ஹீட்டர் மணிக்குக் கால் லிட்டருக்குள் குடிக்கும். உயரத்தில் காற்று மெலிவதால் கரி பிடிக்கும், அதற்கான சரிசெய்தல் உள்ள மாடலாக வேண்டும். தெற்கே நிரப்பிய டீசல் கடுங்குளிரில் மெழுகாகத் திரளும், மேலே போனதும் அங்குள்ள பங்கில் நிரப்புங்கள். லடாக்கில் 2019 முதல் மைனஸ் 33 டிகிரி வரை இறுகாத குளிர்கால டீசல் விற்கிறார்கள். சமையல் கேஸை நம்ப வேண்டாம். அதில் கலந்திருக்கும் பியூட்டேன் மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. கேஸ் அடுப்பை ஹீட்டராகப் பற்றவைத்துத் தூங்குவது குழாய்ப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. எந்த ஹீட்டராக இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் படுக்காதீர்கள்.

டேப்பை இரவு முழுக்கச் சொட்ட விடலாமா?

வீட்டில் சரி. வண்டியில் அந்தச் சொட்டு கழிவு டேங்கில் விழுந்து, அங்கே உறைந்து, அடுத்த பிரச்சினையை ஆரம்பிக்கும். வேண்டாம்.

அம்மா அப்பாவும் பிள்ளைகளும் வருகிறார்கள். எல்லாவற்றையும் வடித்துவிட்டால் தண்ணீருக்கு என்ன செய்வது?

வாளியும் செம்பும்தான். ஷவர் இல்லாமல் குளிக்கத் தெரியாதவர்கள் அல்ல நாம். நான்கு பேருக்கு 10 லிட்டர் கேன் ஆறு எடுத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர் கேன் பெரியவர்களுக்குத் தூக்கக் கனம். கேனை முழுக்க நிரப்பாமல் நான்கு விரல் இடம் விட்டு, இரவில் படுக்கைப் பக்கமாக, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். இரண்டு பெரிய ஃபிளாஸ்க்கில் வெந்நீர் எப்போதும் இருக்கட்டும். கழிவறைக்கு அரை வாளி ஊற்றினால் போகும். மைனஸ் 10க்குக் கீழே இரவுகள் வரும் பயணத்துக்கு, ஹீட்டர், கேபிள் என்று போராடுவதைவிட இதுவே நிம்மதி என்பது எங்கள் கருத்து.

கழிவு டேங்க்?

வண்டிக்கு அடியில், காற்றில் தொங்கிக்கொண்டிருப்பதால் முதலில் உறைவது இதுதான். அனுமதி உள்ள இடத்தில் பகலிலேயே காலி செய்யுங்கள். காலி டேங்கில் ஒன்றிரண்டு லிட்டர் கிளைக்கால் கலவை ஊற்றினால் வால்வைச் சுற்றித் தேங்கி அதைக் காக்கும். உறைந்த கேட் வால்வின் பிடியை இழுக்காதீர்கள், கம்பி கையோடு வந்துவிடும்.

உறைந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

பம்பை நிறுத்துங்கள். டேப்பைத் திறந்து வையுங்கள், உருகும் தண்ணீருக்குப் போக்கிடம் வேண்டும். டேப் பக்கத்திலிருந்து உறைந்த இடம் நோக்கி ஹேர் டிரையரோ வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டோ வைத்துக்கொண்டே போங்கள். கொதிநீரை நேராக ஊற்றினால் பிளாஸ்டிக்கும் பீங்கானும் விரிசல் விடும். தீப்பந்தம், புளோ லாம்ப் பக்கமே போகாதீர்கள்.

உடைந்தது உறைந்திருக்கும்போது தெரியாது, இளகியபின்தான் ஒழுகும். ஆகவே தண்ணீர் வந்துவிட்டது என்றதும் மகிழ்ந்துவிடாமல், எல்லா டேப்பையும் மூடி, பம்பைப் போட்டு, 15 நிமிடம் காது கொடுங்கள். யாரும் டேப் திறக்காதபோதும் பம்ப் அவ்வப்போது தானாக ஓடி நின்றால் எங்கோ கசிகிறது. அரை இஞ்ச் இணைப்பி நான்கு, எல்போ இரண்டு, ஹோஸ் கிளாம்ப் ஆறு, டெஃப்லான் டேப், ஒரு வடிகட்டிக் கிண்ணம், முடிந்தால் ஒரு பம்ப் தலை. இவற்றை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். உங்கள் வண்டியின் அளவுக்கு மலையில் கிடைப்பது அதிர்ஷ்டம்.

ஊர் திரும்பியபின்?

கிளைக்கால் விட்டிருந்தால் நல்ல தண்ணீர் ஏற்றி, நிறமும் லேசான இனிப்பும் போகும்வரை எல்லா டேப்பிலும் ஓடவிடுங்கள். பிறகு 100 லிட்டர் டேங்குக்கு 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் 100 மில்லி ஊற்றி, குழாய்களிலும் நிரப்பி, நான்கு மணி நேரம் விட்டு, குளோரின் வாடை போகும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். இதற்கு ஆற்றுத் தண்ணீராகப் பாருங்கள். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து உப்பு போர் தண்ணீரை ஏற்றி நிறுத்தினால் நான் ரிட்டர்ன் வால்விலும் பம்பின் உள்வால்விலும் வெள்ளை உப்பு படியும், அடுத்த முறை வடிக்கும்போது வால்வு ஒட்டிக்கொண்டு தண்ணீர் உள்ளேயே நிற்கும். கீசருக்குள் தண்ணீர் நிரம்பி, சுடுதண்ணீர் டேப்பில் காற்று இல்லாமல் சீராக வந்த பிறகு, சட்டைப்பையில் வைத்த ஃபியூஸை மாட்டுங்கள்.